மீனாள் எந்த நாட்டுக்காரி?

பர்மா தனியாகப் பிரிந்தபின் எங்கள் பழைய ஆபீசில் வேலை பார்ப்பவர்கள் அடிக்கடி என் வீட்டுக்கு வருகிறார்கள். போன வாரம் வந்தவர் சிதம்பரம். ரங்கூனில் கணக்கெழுதப் போன ஒருவர் அங்கே ஒரு பர்மியப் பெண்ணைக் கட்டியிருக்கிறார். இப்போது அவளை ஊருக்குக் கூட்டிவர வேண்டுமாம். "எந்த மனுவ முதல்ல போடணும்ண்ணே?" என்று நின்றுகொண்டே கேட்டார். உட்காரச் சொன்னேன். அந்த ஆள் ஆபீசில் காத்திருக்கிறார் என்று உட்கார மறுத்துவிட்டார். தெரிந்ததைச் சொல்லி அனுப்பினேன். அவருடைய சைக்கிள் தெருமுனையில் திரும்பியதும், சொல்ல வேண்டியதில் பாதியைக்கூடச் சொல்லவில்லை என்று பட்டது. அன்று இருட்டும்வரை வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தேன். விளக்கு ஏற்றியதும் எழுத உட்கார்ந்தேன்.

நான் காரைக்குடியில் கப்பல் டிக்கெட் ஏஜெண்டு ஒருவரிடம் குமாஸ்தாவாக இருந்தவன். பேர் சுப்பையா. பள்ளிப்படிப்பு முடிந்ததும் சேர்ந்தேன், கண் மங்கியபின் விலகினேன். சேர்ந்த புதிதில் வேலை லேசு. பினாங்கோ சிங்கப்பூரோ, டிக்கெட்டும் கட்டுச்சாதமும் இருந்தால் நாகப்பட்டினத்தில் கப்பலேறிவிடலாம். பெரிய யுத்தம் முடிந்தபின் பாஸ்போர்ட்டு என்று ஒன்று வந்தது. அதோடு மனு, சாட்சி, போலீஸ் விசாரணை, புகைப்படம் எல்லாம் வந்தன. புகைப்படத்துக்குக் கோட்டுப் போட வேண்டும் என்று விதி கிடையாது. ஆனாலும் வருகிறவர்கள் எல்லாருக்கும் கோட்டுப் போட்டுக்கொள்ள ஆசை. ஆபீஸ் ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு தொங்கிக்கொண்டிருக்கும். ஒரு சமயம் பினாங்கில் இறங்கிய ஏழெட்டுப் பேர் படத்திலும் அதே கோட்டு, அதே இடத்தில் ஒரு பொத்தான் இல்லாமல். அங்கிருந்த அதிகாரி எல்லாரையும் தனியாக நிறுத்திவைத்து விசாரித்தாராம். சேதி எட்டியதும் எங்கள் முதலாளி பொத்தானைத் தைக்கச் சொன்னார். கோட்டை மாற்றவில்லை.

முதலாளி காதர் ராவுத்தர். ஒல்லியான நெடிய ஆள். ஆபீசில் அவருக்கென்று ஒரு நாற்காலி உண்டு, அதில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அபூர்வம். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கதவுக்கும் சன்னலுக்கும் நடுவே நடந்துகொண்டே இருப்பார். வந்தவர் கதை சொல்லும்போது குறுக்கே பேச மாட்டார். நாங்கள் மனுவை எழுதி முடித்தபின் அதை வாங்கி, ஒவ்வொரு வரியையும் தமிழில் சத்தமாகச் சொல்லுவார். "உங்க பேரு இன்னாருன்னு எழுதியிருக்கு, சரியா? உங்க ஊரு இன்ன ஊருன்னு எழுதியிருக்கு, சரியா?" ஆள் வாயைத் திறந்து சரி என்று சொல்லும்வரை அடுத்த வரிக்குப் போக மாட்டார். தலையாட்டினால் செல்லாது. யாராவது ஒரு தடவை சொன்னதைத் திரும்பக் கேட்டால் மட்டும் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "காதை எங்கய்யா வச்சிட்டு வந்தீக?" என்று எரிந்து விழுவார். காரியம் ஆகும் என்று எவருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. "எழுதிப் பாப்போம்" என்பதுதான் அவர் அதிகபட்சம் சொல்லும் ஆறுதல்.

இனி அந்தச் சீனத் தச்சர் விஷயம்.

கண்டனூரில் வயிரவன் செட்டியார் புதுவீடு கட்டினார். இளவயதில் பினாங்கில் தொழில் பழகியவர். கல்யாணக் கூடத்து மச்சுக்கும் கதவுகளுக்கும் அரக்குப் பூச்சுடன் சீன வேலை வேண்டும் என்று ஆசைப்பட்டு, பினாங்கிலிருந்து லிம் என்ற தச்சரை வரவழைத்தார். அனுமதி வாங்கிக் கொடுத்தது எங்கள் ஆபீஸ். லிம்மிடம் இருந்தது சீன தேசத்துப் பாஸ்போர்ட்டு. அதனால் அவருக்குக் கிடைத்தது கட்டுப்பாடான அனுமதி. செட்டியாரிடம் மட்டும் வேலை செய்யலாம், அந்த வீட்டு வேலை மட்டும் செய்யலாம், முடிந்ததும் போய்விட வேண்டும். போகாவிட்டால் செட்டியார் பொறுப்பு. அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

வேலை முடிந்து கிரகப்பிரவேசமும் நடந்தேறிய பிறகு, ஒரு நாள் முற்பகலில் லிம் எங்கள் ஆபீசுக்கு வந்தார். முப்பது வயது இருக்கும். பினாங்குத் தமிழர்களோடு பழகி முன்பே தமிழ் பேசுவார். இங்கு வந்தபின் எங்கள் பக்கத்துப் பேச்சும் அதில் கலந்துவிட்டது. அவருக்குப் பின்னால் வாசற்படிக்கு வெளியிலேயே ஒரு பெண் நின்றாள்.

"உள்ள வாங்கம்மா" என்றார் ராவுத்தர்.

அவள் பேர் மீனாள். கண்டனூருக்குப் பக்கத்துச் சிற்றூர். புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. தாயோடு இருந்துகொண்டு சுண்ணாம்புப் பூச்சு வேலைக்குப் போகிறவள். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் கலந்து பூசிக் கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்துச் சுவரைக் கண்ணாடி மாதிரி ஆக்குவார்களே, அந்த வேலை. செட்டியார் வீட்டுக் கூடத்தில் மேலே லிம் அரக்குப் பூச, கீழே இவள் சுவர் தேய்த்திருக்கிறாள். உன் மினுக்கு பெரிதா, என் மினுக்கு பெரிதா என்று இருவருக்கும் விளையாட்டாக ஆரம்பித்த பேச்சாம்.

"நாங்க கல்யாணம் பண்ணிக்கிறோம். பண்ணிக்கிட்டா நான் இங்க இருக்கலாமா?" என்று கேட்டார் லிம்.

ராவுத்தர் நடக்க ஆரம்பித்தார்.

"அனுமதிய நீட்டிக் கேக்கலாம்னா வீடு முடிஞ்சு போச்சு, காரணம் இல்ல. வேற முதலாளி கிட்டப் போறதுன்னா, நீங்க முதல்ல நாட்டைவிட்டு வெளிய போயி, அங்கேருந்து புதுசா மனுப் போடணும். கல்யாணம் பண்ணிக்கலாம், அதுக்குத் தடை இல்ல. இப்பத்தான் சட்டத்தைத் திருத்தியிருக்காக, ரிஜிஸ்திரார் முன்னால பண்ணிக்கலாம். ஆனா அதனால உங்களுக்கு இங்க இருக்க உரிமை வந்துறாது."

"இவுகளுக்கு என் கூட வர உரிமை உண்டா?"

ராவுத்தர் சன்னலோரம் நின்றார். இந்தக் கேள்விக்கு அவர் மீனாளைப் பார்த்துப் பதில் சொன்னார். "அம்மா, நல்லாக் கேட்டுக்கங்க. இப்ப நீங்க பிரிட்டிஷ் பிரஜை. பொறந்த மண்ணு இது. இவரைக் கட்டுன அன்னைக்கே இவரு எந்த நாடோ அந்த நாட்டுக்காரி ஆயிருவீக. சட்டம் அப்பிடி. அதுக்கப்புறம் இந்த ஊருல நீங்களும் வேத்து நாட்டு ஆளு."

மீனாளுக்கு முதலில் விளங்கவில்லை. லிம் அவளுக்கு மெல்ல எடுத்துச் சொன்னார். அவள் முகம் சுருங்கியது.

"நான் இந்தக் கம்மாத் தண்ணி குடிச்சு வளந்தவ. என்னைய எப்பிடி வேத்து ஆளுன்னு சொல்லுவாக?"

"எழுத்துல அப்பிடித்தான்."

"சரி. அவரு கூடப் போயிட்டேன்னு வைங்க. எங்க ஆத்தா சாகக் கெடக்கான்னு சேதி வருது. நான் வந்து பாக்கணும்னா யாருகிட்ட கேக்கணும்?"

"மனு எழுதணும். அனுமதி வரணும்."

"வரலைன்னா?"

ராவுத்தர் மறுபடி நடக்க ஆரம்பித்தார். கல்யாணம் பண்ணாமல் பின்னால் வந்து சேருகிறேன் என்றால் முடியுமா என்றும் அவள் கேட்டாள். கூலிவேலைக்காரப் பெண் தனியாகக் கப்பலேற வந்தால் துறைமுகத்திலேயே தடுத்துத் திருப்பிவிடுவார்கள். அதையும் அவர்தான் சொன்னார். மீனாள் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, யாரிடம் கோபித்துக்கொள்வது என்று தெரியாதவள் போல, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு விடுவிடுவென்று வெளியே போய்விட்டாள்.

லிம் போகவில்லை. அவர் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு ஒரு கால் ஆட்டம். மடியிலிருந்து சிறு கத்தியை எடுத்து, ஒரு விறகுச் சிராயைச் சீவி, அந்தக் காலின் பொருத்துக்குள் அறைந்தார். ஆட்டம் நின்றபின்னும் கையை எடுக்காமல் அதையே தடவிக்கொண்டிருந்தார். எனக்கு அந்த அறையில் உட்கார்ந்திருக்கவே முடியவில்லை. எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

"நான் பொறந்தது பினாங்குல" என்றார் லிம், தலையை நிமிர்த்தாமல்.

ராவுத்தரின் நடை பாதியில் நின்றது. பினாங்கு பிரிட்டிஷ் மண். அங்கே பிறந்தவர் பிரிட்டிஷ் பிரஜை. அது உண்மையானால் அனுமதியும் வேண்டாம், கெடுவும் வேண்டாம். மீனாள் மீனாளாகவே இருக்கலாம்.

"அப்ப ஏன்யா சீனாக் காயிதம்?"

"ரெண்டு மூணு வயசுல எங்க அம்மா செத்துட்டாங்க. அப்பா என்னைத் தூக்கிட்டுச் சீனாவுல சொந்த ஊருக்குப் போயிட்டாரு. பெரியவனாகி நான் பினாங்கு திரும்பறப்ப சீனாவுல என்ன காயிதம் குடுத்தாங்களோ அதோட வந்தேன். இங்க வரும்போது எந்த நாடுன்னு கேட்டீங்க. காயிதத்துல இருக்கறதைச் சொன்னேன்."

"அதை நான் வரி வரியாப் படிச்சுக் காட்டுனேனே! பொறந்த ஊரு சீனான்னு எழுதியிருக்கு, சரியான்னு கேட்டேனே!"

"கேட்டீங்க. காயிதத்துல அப்படித்தான் இருந்துச்சு. சரின்னேன்."

ராவுத்தர் நெற்றியில் அடித்துக்கொண்டார். இப்போது மாற்றிச் சொன்னால், அன்றைக்கு எழுதிக்கொடுத்தது பொய் என்று ஆகும். கேஸ் போட்டு அன்றைக்கே கப்பலேற்றி அனுப்பினாலும் கேட்பாரில்லை.

தகப்பனார் இறந்துவிட்டார். பினாங்கில் பிறப்பைப் பதிந்தார்களா என்பது லிம்முக்குத் தெரியாது. அவரைக் குழந்தையாகப் பார்த்தவர் என்று இந்த மண்ணில் ஒருவர்தான் இருந்தார். வயிரவன் செட்டியார் பையனாக இருந்த கிட்டங்கிக்கு எதிரேதான் லிம்மின் தகப்பனார் தச்சுக்கடை. பல சாமான் வைக்கவும் பல பேர் தொழில் நடத்தவும் இருந்த நீளமான கட்டடத்தைக் கிட்டங்கி என்பார்கள். பழைய தச்சரின் மகன் என்பதனால்தான் செட்டியார் இவரைத் தேடிப் பிடித்து வரவழைத்ததே.

ராவுத்தரும் நானும் மறுநாள் வில்வண்டியில் கண்டனூர் போனோம். செட்டியார் புதுவீட்டின் முகப்பில் எங்களை உட்காரவைத்து மோர் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் தம்ளரைக் கீழே வைத்தார்.

"ராவுத்தரே, அவன் அப்பனை எனக்குத் தெரியும். அவனையும் தெரியும். ஆனா அவன் சீனாவுல பொறந்தவன்னு பொறுப்பெழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். இப்ப வேற சொன்னா, அப்பச் சொன்னது என்னன்னு கேப்பாகளா, இல்லையா?"

"கேப்பாக."

"கேட்டா என்ன சொல்லுறது? வெளிநாட்டுல நாலு இடத்துல எங்களுக்குத் தொழில் நடக்குது. வருஷா வருஷம் ஆளு அனுப்பணும், ஆளு கூப்பிடணும். எல்லாத்துக்கும் என் கையெழுத்துத்தான். அது பொய்க் கையெழுத்துன்னு ஒரு சர்க்கார் ஆபீசுல பதிஞ்சுட்டா அதோட போச்சு. அந்தப் புள்ள மீனா நல்ல வேலைக்காரி. எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு. என்னைய இதுல இழுக்காதீக."

அவர் பேச்சில் கபடம் இல்லை. திரும்பி வரும் வழியெல்லாம் ராவுத்தர் வண்டியில் உட்காராமல் கூடவே நடந்து வந்தார்.

லிம்மின் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. டிப்டி கலெக்டர் பக்கத்து ஊரில் முகாம் போட்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் ராவுத்தர் லிம்மைக் கூப்பிட்டனுப்பினார்.

"நேருல போயி உண்மையச் சொல்லுறது ஒரு வழி. சொன்னா ஏத்துக்கவும் ஏத்துக்கலாம், அங்குட்டே உங்களைப் போலீசுகிட்டக் குடுத்தாலும் குடுக்கலாம். நான் வேணும்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல."

"போலாம்" என்றார் லிம்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "செட்டியார் இழுக்காதீகன்னு சொன்னாரே" என்றேன்.

"அவரு பேரை நான் சொல்ல மாட்டேன்" என்றார் ராவுத்தர். "அதிகாரி கேட்டா, இவரு பொய் சொல்லவும் கூடாது."

அப்படியேதான் நடந்தது. டிப்டி கலெக்டர் முழுவதையும் கேட்டுவிட்டு, "உங்களைக் குழந்தையில் பார்த்தவர் யார் இருக்கிறார்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். லிம் ராவுத்தரைப் பார்த்தார். ராவுத்தர் கூரையைப் பார்த்தார். லிம் பேரைச் சொன்னார். செட்டியாருக்குச் சம்மன் போயிற்று.

விசாரணை நடந்தது முகாம் பங்களாவின் தாழ்வாரத்தில். நானும் ராவுத்தரும் தூணோரம் நின்றோம். எதிர்ப்பக்கத்துத் தூணில் மீனாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை, தானாகவே வந்திருந்தாள். செட்டியார் வந்ததும் எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. சத்தியம் வாங்கினார்கள்.

"இந்த லிம் பினாங்கில் பிறந்ததாகச் சொல்கிறார். உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

செட்டியார் மேல்துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வண்டியேறி வீட்டுக்குப் போகலாம். அதிகாரி பேனாவை மையில் தோய்த்துக்கொண்டு காத்திருந்தார். லிம் மட்டும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்" என்றார் செட்டியார்.

"எப்படி?"

"அப்ப எனக்கு மீசை அரும்பாத வயசு. கிட்டங்கியில கீழ்வேலை பாத்துக்கிட்டு இருந்தேன். ஒரு நாள் இவன் அப்பா தட்டு நிறையச் செகப்பு முட்டை கொண்டாந்தாரு. அவிச்சு, சாயம் போட்ட முட்டை. வரிசையா எல்லாருக்கும் ரெண்டு ரெண்டு குடுத்தாரு. எங்களுக்கு ஒண்ணும் விளங்கல. எங்க மேலாளுதான் சொன்னாரு, புள்ள பொறந்து மாசமாச்சுன்னா இவுக இப்பிடிக் குடுப்பாகன்னு. நான் வாங்கி வேட்டியில முடிஞ்சு வச்சேன். சாயம் ஒட்டிக்கிச்சு. வெளுத்தும் போகல, அதுக்கு வேற திட்டு வாங்குனேன். அந்தப் புள்ளதான் இது. மரத்தூளுக்குள்ள உருண்டுக்கிட்டுக் கெடக்கும். ஆத்தா செத்ததும் அப்பன் தூக்கிக்கிட்டுக் கப்பலேறிட்டாரு. அன்னைக்கு நாங்கல்லாம் வாசல்ல நின்னு பாத்தோம்."

அதிகாரி எழுதி முடித்தார். பிறகு, எங்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்த அந்தக் கேள்வியைக் கேட்டார். "அப்படியானால் சீனாவில் பிறந்தவர் என்று எப்படிக் கையெழுத்துப் போட்டீர்கள்?"

"காயிதத்துல அப்பிடி இருந்துச்சு. காயிதத்தைப் பாத்துப் போட்டேன். ஆளைப் பாத்துப் போடல."

அதிகாரி சிரிக்கவில்லை. கேஸ் போடுவதாக இல்லை என்றும், ஆனால் தாம் இந்தப் பதவியில் இருக்கும்வரை செட்டியாரின் பொறுப்புக் கையெழுத்தை எந்த மனுவிலும் ஏற்கப்போவதில்லை என்றும் சொன்னார். லிம்மைப் பற்றிப் பினாங்குக்கு எழுதுவார். பதில் சாதகமாக வந்தால் பிரிட்டிஷ் பிரஜையாக அவர் திரும்பி வரலாம். அதுவரை பழைய கெடு பழைய கெடுதான், போய்த்தான் ஆகவேண்டும்.

வண்டியேறப் போன செட்டியார் ராவுத்தருக்கு முன்னால் நின்றார். "என்னையக் கொண்டாந்து நிறுத்திப்புட்டீகளே" என்றார். அவ்வளவுதான். அதற்குப்பின் ராவுத்தர் மௌத்தாகும்வரை செட்டியார் அவரோடு பேசவில்லை. தம் ஆட்களைக் கப்பலேற்ற ஒவ்வொரு முறையும் பங்காளிகளின் கையெழுத்தைக் கேட்டு அவர் போய் நிற்க வேண்டியிருந்தது. ராவுத்தரின் ஜனாசாவை அடக்கிய அன்று மட்டும் வந்து, பள்ளிவாசல் மதிலுக்கு வெளியே வெயிலில் நின்றுவிட்டுப் போனார்.

லிம் கிளம்புமுன் ஒரு யோசனை இருந்தது. கல்யாணத்தை இப்போதே முடித்துவிட்டுப் போனால் என்ன? மீனாள் சம்மதிக்கவில்லை. பினாங்குப் பதில் பாதகமாக வந்துவிட்டால், கல்யாணம் ஆன நாளிலிருந்தே அவள் வேற்று நாட்டுக்காரி. "போயி உங்க ஊரு எதுன்னு காட்டிட்டு வாங்க. நான் என் ஊருலயே இருக்கேன்" என்றாள் அவரிடம், எங்கள் ஆபீஸ் வாசலில் வைத்தே. கடுமையாகத்தான் சொன்னாள். ஆனால் அவர் பஸ்ஸேறிப் போன புழுதி அடங்கும்வரை அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

அதற்கப்புறம் காத்திருப்பு. சந்தை நாள்தோறும் மீனாள் வந்து படிக்கு வெளியே நிற்பாள். "வந்துருச்சா?" என்பாள். இல்லை என்றதும் போய்விடுவாள். மழைக்காலம் வந்தது. பூச்சு வேலை நின்றது. தாய்மாமன் மகனுக்கு மறுதாரமாகக் கட்டிவைக்கத் தாய் நச்சரித்துக்கொண்டிருந்தாள் என்று கேள்வி. ஒரு சந்தை நாளில் அவள் உள்ளே வந்து, "எழுதுனத நிறுத்திரச் சொல்லுங்க. என்னால இப்பிடி நிக்க முடியல" என்றாள். போன தபாலை நிறுத்த முடியாது என்றார் ராவுத்தர். பிறகு அவள் வருவது நின்றுவிட்டது. ராவுத்தரோ தபால்காரர் வரும்வரை பொறுக்காமல் தபாலாபீசுக்கே நடக்க ஆரம்பித்தார். ஆபீசில் யார் இருமினாலும் எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கடைசியில் உத்தரவு வந்தது. பினாங்குப் பதிவேட்டில் அந்தத் தெருவில் லிம் என்ற தச்சருக்கு ஆண் குழந்தை பிறந்தது பதிவாகியிருந்தது. குழந்தையின் பேர் மட்டும் எழுதவில்லை. செட்டியாரின் வாக்குமூலத்தையும் அதையும் சேர்த்துப் பார்த்து ஒப்புக்கொண்டிருந்தார்கள். ராவுத்தர் படித்து முடித்ததும் செருப்பை மாட்டினார். வண்டிக்குக்கூட நிற்கவில்லை, நான்தான் ஓடிப்போய் ஒன்றைப் பிடித்து வந்து அவரை ஏற்றினேன்.

மீனாள் கண்டனூரில் இன்னொரு வீட்டில் சாரத்தின்மேல் நின்று சுவர் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"மீனா, பினாங்கு உத்தரவு வந்துருச்சு" என்றார் ராவுத்தர் கீழிருந்து.

அவள் கை ஒரு கணம் நின்றது. அப்புறம் முன்னைவிட வேகமாகத் தேய்த்தது. "பூச்சு காயுது. இப்பக் கைய எடுத்தாத் தழும்பு விழுந்துரும். செத்த இருங்க" என்றாள், திரும்பாமலே. நல்லதா கெட்டதா என்று கேட்கவில்லை. கேட்கப் பயம் என்று எனக்குத் தோன்றியது. ராவுத்தர் சுண்ணாம்புக் குவியல் பக்கத்தில், அசையாமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பெரிய சுவரின் கடைசி மூலைவரை தேய்த்து முடித்துவிட்டு அவள் இறங்கி வந்தாள். கையை வாளியில் முக்கினாள்.

"சொல்லுங்க."

"அவரு பினாங்குல பொறந்தவருன்னு ஒத்துக்கிட்டாக. திரும்பி வரலாம். நீங்க கல்யாணம் பண்ணிக்கிட்டாலும் இந்த ஊருக்காரிதான்."

அவள் ஈரக்கையோடு அப்படியே நின்றாள். "இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்றாள்.

ராவுத்தர் கோபப்படவில்லை. முதலிலிருந்து நிதானமாகச் சொன்னார். அவள் மறுபடியும் கேட்டாள். மறுபடியும் சொன்னார்.

கல்யாணம் சிவகங்கையில் ரிஜிஸ்திரார் முன்னால் நடந்தது. சாட்சிக் கையெழுத்தில் ராவுத்தருடையது ஒன்று, என்னுடையது ஒன்று. மூன்றாவது, கோர்ட்டு வாசலில் வெற்றிலை விற்றுக்கொண்டிருந்தவருடையது. பிறகு காரைக்குடியிலேயே பட்டறை போட்டார் லிம். ஆனால் கல்யாணத்தைவிட எனக்கு மனசில் நிற்பது அதற்கு முன்னால் நாகப்பட்டினத்தில் பார்த்ததுதான்.

அவரை எதிர்கொண்டு அழைத்துவர மீனாளையும் அவள் தாயையும் கூட்டிக்கொண்டு நான் போனேன். அறந்தாங்கிவரை வண்டி, அங்கிருந்து ரயில். ரயிலில் தாய் தூங்கினாள். மீனாள் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எழுந்து எழுந்து பார்த்தாள். கப்பல் கடலில் நின்றது. படகுகளில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். சுங்கக் கொட்டகைக் கம்பிக்கு வெளியே நாங்கள் நின்றோம். லிம்முக்கு முன்னால் நின்ற வரிசை நகரவே மாட்டேன் என்றது. அவருடைய முறை வந்தபோது மேசைக்கு அந்தப்பக்கம் இருந்தவர் ஏதோ கேட்டார். "பினாங்கு" என்று லிம் சொன்னது எங்களுக்கே கேட்டது. அவ்வளவு சத்தமாகச் சொன்னார். முத்திரை விழுந்தது.

வெளியே வந்து இரண்டு முழம் தள்ளி நின்றார். நடுவில் உளிப்பெட்டியை இறக்கி வைத்தார். மாதக் கணக்கில் சேர்த்துவைத்த பேச்சு இருவரிடமும் இருந்திருக்கும்.

"சாப்டியா மீனா?" என்றார்.

"இல்ல. நீங்க?"

"கப்பல்ல ஒண்ணும் எறங்கல."

"அப்ப வாங்க, முதல்ல எதாச்சும் சாப்பிடுவோம்."

இருவரும் கடைத்தெருவைப் பார்த்து நடந்தார்கள். தாய் பின்னால் போனாள். உளிப்பெட்டி மணலிலேயே கிடந்தது. தச்சர் அதை மறந்துவிட்டார். கூப்பிட வாயெடுத்தவன் கூப்பிடவில்லை. பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு அவர்கள் பின்னால் நடந்தேன். நல்ல கனம்.